சுவருக்குள் இரைச்சல்

தன் மகன் இறந்ததிலிருந்து மாமனார் தினமும் அவனுடைய அறைக்குப் போய், பலகைச் சுவரில் காதை வைத்துப் பேசிக்கொண்டிருந்தார். மருமகள் ஒருநாள் தானும் காதை வைத்துப் பார்த்தாள். உள்ளே ஒரே ரீங்காரம். அவர் வெளியே போயிருந்த நாளில் தேனீ எடுப்பவரை வரவழைத்தாள்.

வந்தவர் சுவரை உள்ளங்கையால் தடவி, வெதுவெதுப்பான இடத்தில் கையை நிறுத்தினார். "குஞ்சுங்க இங்கதான் இருக்கு. பூ சீசன்லயே கூப்பிட்டீங்க, பெட்டியில பொழைச்சுக்கும்."

"ஒண்ணுகூட மிச்சம் இருக்கக் கூடாதுங்க. எங்க மாமா புத்தி பேதலிச்சுடும்போல இருக்கு."

அவர் பலகையைப் பெயர்த்து, தேனடைகளை அறுத்து, சட்டங்களில் நூலால் கட்டிப் பெட்டிக்குள் வைத்தார். ராணியும் உள்ளே போனது. மேயப் போனவை பொழுது சாய்ந்து திரும்பும்வரை காத்திருந்தார். பிறகு சுவருக்குள் பஞ்சை அடைத்து, பலகையை அறைந்துவிட்டுக் கிளம்பினார்.

மாமனார் வந்ததும் வராததுமாக நேரே போய்ச் சுவரில் காதை வைத்தார்.

"கோவிச்சுக்காதீங்க மாமா. நீங்க கேட்டது அவர் குரல் இல்ல, தேனீ. இன்னிக்கு எல்லாத்தையும் எடுத்தாச்சு."

"தேனீன்னு எனக்குத் தெரியாதாம்மா? காதுதான் மந்தம், புத்தி இல்ல. அதுங்க போட்ட இரைச்சல்ல அவன் சொல்றது பாதிதான் விழும். நல்ல காரியம் பண்ணே."

சற்று நகர்ந்து அவளுக்கு இடம் விட்டார்.

"இப்பதான் தெளிவாக் கேக்குது. உன்னைத்தான் கூப்பிடறான், வா."

அவள் நகரவில்லை. நின்ற இடத்திலேயே அவளுக்குக் கேட்டது.