புயலுக்கேற்ற வீடு

“பையன் ஏற்கெனவே ரெண்டு வீட்டுக்குப் போய்த் திரும்பி வந்தவன். பின்னாடி தெரிஞ்சு சங்கடப்படக் கூடாது, அதான் முன்னாடியே சொல்லிடறேன்” என்றாள் தரகரம்மா.

“அதுக்கென்ன, வாலை ஆட்டுற அழகைப் பாருங்களேன்!” என்று சிரித்தார் வீட்டுக்காரர்.

பையன் என்று அவள் சொன்னது, கயிற்றை இழுத்துக்கொண்டு நின்ற ‘புயல்’ என்ற செம்பட்டை நாயை. அடிபட்டும் பட்டினி கிடந்தும் காப்பகத்துக்கு வந்து சேரும் நாய்களுக்கு வீடு தேடித் தருவது அவள் வேலை. நாய்க்கும் வீட்டுக்கும் அவள் பார்க்கும் பொருத்தத்தைப் பார்த்துத்தான் அவளுக்குத் ‘தரகரம்மா’ என்ற பட்டப்பெயர். இந்தப் புயல் மூன்றாவது தடவையும் திரும்பி வந்தால் அப்புறம் ஆயுசுக்கும் கூண்டுதான்.

வீடு பளிச்சென்று இருந்தது. ஆனால் வாசலில் இரும்புக் கதவுக்கொரு பூட்டு, மரக்கதவுக்கொரு பூட்டு. ஜன்னல்களில் கம்பி போதாதென்று வலை வேறு. சாவிக்கொத்து அவர் இடுப்பில் தொங்கியது. நாலு மாடி ஏறி வந்த தரகரம்மாவுக்கு, உட்கார்ந்து வெகுநேரமாகியும் மூச்சு முட்டுவது நிற்கவில்லை.

“பகல்ல வீட்டுல யார் இருப்பாங்க?”

“இவதான். ஆறு வருஷமா இவளை வாசப்படி தாண்ட விட்டதில்லையே நான்! காய்கறி, துணிமணி, மருந்து மாத்திரை எல்லாம் நானே வாங்கிட்டு வந்துடுவேன். போகும்போது பத்திரமா பூட்டிட்டும் போயிடுவேன். வெயில்லயும் தூசியிலயும் இவ எதுக்கு அலையணும்?”

அவர் கத்தவில்லை, முறைக்கவில்லை. பாசமாகத்தான் சொன்னார். அதுதான் தரகரம்மாவுக்குச் சுருக்கென்றது.

அவர் மனைவி ஒரு நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தாள். அதன் முதுகைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துப்போயிருந்தன. நெற்றியில் பொடிப்பொடியாக வியர்வை. ‘இந்த மனுஷன்கிட்ட எவ்வளவு பயந்து கிடக்கா பாவம்’ என்று நினைத்துக்கொண்டாள் தரகரம்மா.

“பக்கத்துத் தெருவுல திருட்டு. இவ தனியா இருக்காளேன்னுதான் நாய் கேட்டேன்” என்றார் அவர்.

“அப்போ இவன் சரிப்பட மாட்டான் சார். இவனைக் காலையில ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம் வெளியில நடத்தணும். இல்லைன்னா உங்க சோபாவைப் பஞ்சு பஞ்சாக்கிடுவான். எங்ககிட்ட ஒரு கிழவி இருக்கா. தின்பா, தூங்குவா, ஆள் வந்தா குரைப்பா. உங்க வீட்டுக்கு அவதான் பொருத்தம்.”

“அப்படின்னா அதையே...”

“எனக்கு இவன்தான் வேணும்.”

நாற்காலியே வாய் திறந்துவிட்டதுபோலத் திரும்பிப் பார்த்தார் வீட்டுக்காரர்.

“யாரு கூட்டிட்டுப் போறது? நான் எட்டு மணிக்குக் கிளம்பினா இருட்டினப்புறம்தானே வர்றேன்?”

“நான் போறேன்.”

“நீயா? தெரு தெரியுமா உனக்கு?”

“இவனுக்குத் தெரியுமே.”

அந்த நேரம் பார்த்துப் புயல் போய் அவர் முழங்காலில் தலையை வைத்தது. மனுஷருக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. “பார்த்தீங்களா, எஜமான் யாருன்னு அதுக்கே புரிஞ்சுபோச்சு!”

தரகரம்மா தயங்கினாள். அந்தப் பெண்ணை நிமிர்ந்து பார்த்தாள். கூண்டுக் கம்பிக்குப் பின்னாலிருந்து தினமும் தன்னைப் பார்க்கும் அதே கண்கள்.

ஒப்பந்தத்தாளை எடுத்து, கீழே தன் கையாலேயே இரண்டு வரி சேர்த்தாள். தினம் இரண்டு வேளையும் மனைவிதான் நாயை வெளியே அழைத்துப் போக வேண்டும். தவறினால் காப்பகம் நாயைத் திரும்ப எடுத்துக்கொள்ளும்.

“சொல்லாம கொள்ளாம வந்து பார்ப்பேன் சார்” என்றாள்.

அவர் இரண்டு தடவை படித்தார். காலடியில் கிடந்த நாயைப் பார்த்தார். கையெழுத்துப் போட்டார்.

“சாவி?”

“என்ன சாவி?”

“நீங்க இல்லாதப்போ இவங்க கதவைத் திறக்கணுமே.”

கொத்திலிருந்து இரண்டு சாவிகளைக் கழற்ற அவருக்கு ரொம்ப நேரம் பிடித்தது.

பத்தாம் நாள் காலை, சொல்லாமல் கொள்ளாமல் வந்தாள் தரகரம்மா. வீட்டுக்குப் போக வேண்டியிருக்கவில்லை. மூன்று தெரு தள்ளியே அவர்கள் எதிரில் வந்தார்கள். புயல் முன்னால் பாய, தலை கலைந்து, முகம் சிவந்து, பின்னால் ஓட்டமும் நடையுமாக அந்தப் பெண்.

“அக்கா! இந்தப் பக்கமா போனா ஒரு பாலம் வருது, தெரியுமா? நேத்து அதுமேல நின்னு ரயில் பார்த்தோம். அங்க ஒரு பூக்கடை இருக்கு. கடைக்காரம்மா இப்போ என்னைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுறாங்க!” மூச்சு விடாமல் பேசினாள்.

புயலுக்கு விலா எலும்பு மறைந்து, ரோமத்தில் மினுமினுப்பு ஏறியிருந்தது. தரகரம்மாவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

“ரெண்டு வீட்டுல வேண்டாம்னு தள்ளினவனை இப்படிப் பார்த்துக்குறீங்களே! உங்களுக்கு நாய்னா அவ்வளவு உயிரா?”

அந்தப் பெண் கயிற்றைக் கை மாற்றிக்கொண்டு, உள்ளங்கை வியர்வையைப் புடவையில் துடைத்தாள். வெட்கத்தோடு சிரித்தாள்.

“நாய்னாலே எனக்குக் குலை நடுங்கும்க்கா.”