கிடைக்காத ஜரிகை

பட்டம்மாள் தன் புருஷனைக் கையைப் பிடித்து ஸ்டேஷனுக்குள் கூட்டிக்கொண்டு வந்தபோது மணி ஏழரை. சாராயக்கடை திறக்க இன்னும் அரை மணி நேரம் இருந்தது.

"இவரை உள்ள போடுங்க ஏட்டய்யா," என்றாள்.

அவள் எங்களுக்குப் புதிதல்ல. ஆறு வருஷமாக எனக்குத் தவறாமல் கேஸ் கொடுத்து வந்தவள்.

சிட்டிபாபு நல்ல நெசவாளி. தறியில் புடவை இருக்கும்வரை சாராயத்தைத் தொடமாட்டான். கரையைக் கோர்க்கிற கை நடுங்கினால் புடவை கெட்டுவிடும் என்பான். நெய்து முடித்து அறுத்துக் கொடுத்த மறுநாள், பாலாற்று மணலில் எவன் காய்ச்சுகிறான் என்று தேடிப் போவான்.

அளவு மீறும்போது பட்டம்மாள் வந்து சொல்லுவாள். நாங்கள் போய்ப் பிடிப்போம். மதுவிலக்குச் சட்டப்படி ஒரு மாசமோ இரண்டு மாசமோ கிடைக்கும். மஞ்சள் பூத்துப் போகிறவன், கன்னத்தில் சதை பிடித்துத் திரும்பி வருவான். ஸ்டேஷனில் நாங்கள் அதைச் சர்க்கார் வைத்தியம் என்று கேலி செய்வோம்.

எழுபத்தொன்றில் சர்க்காருக்கே ஞானம் வந்துவிட்டது. இருபது வருஷத்துக்கு மேல் குற்றமாக இருந்த குடி ஒரே காலையில் குற்றமில்லாமல் போயிற்று. இனிமேல் கள்ளச்சாராயம் ஒழியும், குற்றம் குறையும் என்றார்கள்.

பொய் சொல்லக் கூடாது, குறையத்தான் செய்தது. கடை திறந்து பதினோரு நாளாக நான் ஒரு கேஸும் எழுதவில்லை. பேனாவில் மை காய்ந்துவிட்டது.

அந்தக் கடை பட்டம்மாள் வீட்டுத் தெருமுனையில் இருந்தது. தறியில் புடவை பாதியில் நிற்க, சிட்டிபாபு காலையிலேயே போக ஆரம்பித்திருந்தான்.

"ஈரல் போயிட்டுதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. மூணு மாசம் தொடாம இருந்தா பொழைப்பாராம். இல்லாட்டி பொங்கலைப் பாக்க மாட்டாராம்."

"அதுக்கு நான் இன்னாமா பண்றது? குடிக்கிறது இப்போ குத்தம் இல்ல."

"அப்போ இன்னாதான் குத்தம்?"

வேலை இல்லாத மனுஷன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "அடிச்சா குத்தம். திருடினா குத்தம்," என்றேன்.

"அடிக்க மாட்டாரே," என்றாள் வருத்தத்தோடு.

சிட்டிபாபு பெஞ்சில் உட்கார்ந்து கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். கைகள் நடுங்கின. ஒன்றை இன்னொன்றின்மேல் வைத்து அமுக்கிக்கொண்டான். இப்போது இரண்டும் சேர்ந்து நடுங்கின.

பட்டம்மாளும் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"அப்போ எழுதிக்கோங்க. புடவைக்குன்னு முதலாளி என் கையில குடுத்த ஜரிகையில ஒரு நூல்கட்டையைக் காணோம். இவர்தான் எடுத்துக்கினு போய் வித்துக் குடிச்சிட்டாரு."

எனக்குச் சுருக்கென்றது. நான் மூன்று தெரு தள்ளி நெசவாளர்கள் நடுவில் வளர்ந்தவன். குடிகாரனுக்கு முதலாளிகள் திட்டிக்கொண்டாவது நெய்யப் பாவு நூல் கொடுப்பார்கள். ஜரிகை எடுத்தவன் என்று பேர் வந்தால் காஞ்சிபுரத்தில் ஒருவரும் கொடுக்கமாட்டார்கள். இவனோ, புடவை முடிந்ததும் கையளவு அறுந்த ஜரிகையைக்கூடத் தாளில் மடித்துத் திருப்பிக் கொடுக்கிறவன்.

"யோசிச்சு சொல்லுமா. அப்புறம் இவரு தறியில உக்கார முடியாது."

"உசுரு இருந்தா எங்கியாவது உக்காரட்டும்," என்றாள்.

நான் சிட்டிபாபு பக்கம் திரும்பினேன். மணி எட்டாக ஐந்து நிமிஷம். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நான் விட்டுவிட வேண்டியதுதான். நேராகக் கடைக்கே போகலாம்.

"எடுத்தியாபா?" என்று கேட்டேன்.

அவன் என்னைப் பார்க்கவில்லை. பெண்டாட்டியைப் பார்த்தான். முகத்தைப் பார்த்தான், பிறகு இடுப்பைப் பார்த்தான். தெருவில் யாரோ கடைப்பக்கம் பேசிக்கொண்டே போனார்கள். நாக்கால் உதட்டை நனைத்துக்கொண்டான்.

"எடுத்தேன் ஏட்டய்யா," என்றான்.

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. பேனாவை உதறி உதறி எழுத வைத்தேன். அவன் கையெழுத்துப் போட்டான். நடுங்கிய கையெழுத்துதான், ஆனால் முழுப் பேரையும் போட்டான்.

கான்ஸ்டபிள் லாக்கப்பைத் திறந்தார். சிட்டிபாபு உள்ளே போகுமுன் வாசலில் நின்று, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்த பட்டம்மாளிடம் மெதுவாகச் சொன்னான்:

"மடியை நல்லா சொருவிக்க. கீழ வுழுந்துடப் போவுது."

அவள் சட்டென்று இடுப்பில் கை வைத்தாள். விரல்களுக்கு நடுவே, சேலை மடிப்பிலிருந்து எட்டிப் பார்த்த ஜரிகைக் கட்டை மினுங்கியது.

அவள் என்னைப் பார்த்தாள். நான் குனிந்துகொண்டேன்.

கேஸ் தாளில் இன்னும் ஒரு கட்டம் பாக்கி இருந்தது. திருடுபோன பொருள் கைப்பற்றப்பட்டதா என்று கேட்டிருந்தது.

இல்லை என்று எழுதினேன்.