புது ஸ்க்ரூ

“உன்கிட்ட போய் வாலை மாட்டச் சொன்னேன் பாரு, என்னைச் சொல்லணும்!”

பல் டாக்டர் போட்ட சத்தத்தில் மைதானத்தில் இருந்த முப்பது பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

எதிரில் தலைகுனிந்து நின்றவன் அவருடைய மச்சினன். மனைவியின் ஒரே தம்பி. தச்சு வேலை செய்பவன்.

அவன் காலடியில் உடைந்து கிடந்தது அந்தப் போர் விமானம். நிஜ விமானத்தின் அச்சு அசலான மாதிரி. இறக்கை மட்டுமே பத்தடி. ரிமோட்டில் பறப்பது. யாரோ மொட்டைமாடியில் மக்கவிட்டிருந்ததை வாங்கி வந்து, கார் ஷெட்டைப் பட்டறையாக்கி, இரண்டு வருஷம் இழைத்து இழைத்துச் சரிசெய்திருந்தார் டாக்டர். விமானத்துக்கு நிழல் வேண்டுமென்று காரை வெயிலில் காயவிட்டவர்.

இன்றுதான் முதல் தடவை பறந்தது. மூன்றாவது சுற்றில், மேலே ஏறச் சொன்னால் கேட்காமல் தலைகுப்புறப் பாய்ந்துவிட்டது.

“வால் மோட்டாருக்குப் போற வயரை நீ சரியா சொருகல. அதான்! கதவுக்குக் கீல் போடற கைக்கு இதெல்லாம் எங்க வரும்?”

“நல்லாத்தான் சொருகினேன் மாமா” என்று சொல்லிக்கொண்டேதான் முதலில் ஓடிப்போய் உடைசல்களைப் பொறுக்கினான். பொறுக்கிக்கொண்டு திரும்பியபோது பேச்சு மாறியிருந்தது.

“என் தப்புதான் மாமா. மன்னிச்சிடுங்க.”

அங்கே விமானம் விடுகிறவர்களின் கிளப் செயலாளர் டாக்டரின் தோளைத் தட்டினார்.

“சொந்த மச்சினன்னுகூடப் பார்க்காம கேட்டீங்களே, உங்கள மாதிரி ஆள்தான் சார் எங்களுக்கு வேணும். இனிமே யாரோட விமானமா இருந்தாலும் நீங்க சோதிச்சு சரின்னாதான் பறக்கும்.”

டாக்டருக்கு விமானம் போன துக்கத்திலும் கொஞ்சம் குளுகுளுவென்று இருந்தது.

மறுநாள் சாயங்காலம் பட்டறையில் உட்கார்ந்து வால் பகுதியைப் பிரித்தார்.

வயர் அடிவரைக்கும் சொருகியிருந்தது. மேலே டேப் வேறு சுற்றி வைத்திருந்தான். அவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தும் அசையவில்லை.

கழன்றிருந்தது வேறு. வாலை அசைக்கிற மோட்டாரின் கையை இறுக்கிப் பிடிக்கிற ஸ்க்ரூ. அது உடையவில்லை, நெளியவில்லை. அந்த இடத்தில் ஸ்க்ரூவே இல்லை.

போன வாரம் அதைக் கழற்றியது அவர்தான். திரும்ப மாட்டப் போனபோது கிளினிக்கிலிருந்து போன் வந்தது. யாருக்கோ தாங்க முடியாத பல்வலி. அப்படியே எழுந்து போனவர் மறந்தே போனார்.

அவருக்குக் காது மடலெல்லாம் சூடாகிவிட்டது. வாசல் பக்கம் பார்த்தார். யாரும் இல்லை.

டிராயரைத் திறந்து ஒரு புது ஸ்க்ரூவை எடுத்தார். அந்த ஓட்டையில் வைத்து முறுக்கிவிட்டார்.

முறுக்கி முடித்த பிறகுதான், செய்தது என்னவென்று அவருக்கு உறைத்தது.

சனிக்கிழமை மச்சினன் வந்தான். கையில் ஒட்டுப்பலகைக் கட்டு.

“சட்டமெல்லாம் நானே அறுத்துத் தர்றேன் மாமா. நீங்க அளவு மட்டும் சொல்லுங்க. மறுபடி பறக்க விட்டுடலாம்.”

உட்கார்ந்ததும் வால் பகுதியைத்தான் கையில் எடுத்தான். மண்ணும் பெட்ரோல் கறையுமாக இருந்த இடத்தில், ஒரு கீறல் இல்லாமல் பளபளத்தது புது ஸ்க்ரூ. அவன் கை ஒரு நொடி நின்றது.

டாக்டர் டிராயரில் எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டார்.

“உள்ளெல்லாம் மண்ணு. சுத்தம் பண்ணிடறேன் மாமா” என்று பிரஷ்ஷை எடுத்துக்கொண்டான்.

இப்படியே மூன்று சனிக்கிழமைகள் வந்தான். ஒவ்வொரு ஞாயிறும் டாக்டர் மைதானத்தில் குனிந்து அடுத்தவர் விமானத்தின் ஸ்க்ரூக்களை இறுக்கிப் பார்த்தார். “டாக்டர் கண்ணுல இருந்து எதுவும் தப்பாதுப்பா” என்றார்கள். ஒவ்வொரு தடவையும் அவருக்கு உடம்பு கூசியது.

மச்சினன் எந்த விமானத்தையும் தொடக் கூடாது என்று கிளப்பில் முடிவாகியிருந்தது. விமானம் விடும் இடத்தைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்று வேடிக்கை பார்த்தான்.

நான்காவது ஞாயிறு. ஒருவர் பெரிய இறக்கையை ஒண்டியாகத் தூக்க முடியாமல் திண்டாடினார். உதவப் பாய்ந்த மச்சினன், கயிறு நெஞ்சில் இடித்ததும் நினைவு வந்தவனாகப் பின்னால் நகர்ந்து கையைக் கட்டிக்கொண்டான்.

டாக்டர் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார்.

“எல்லாரும் கொஞ்சம் வாங்க. அன்னைக்கு அவன் எந்தத் தப்பும் பண்ணல. ஸ்க்ரூ போட மறந்தவன் நான். மறந்தது மட்டுமில்ல, மறுநாள் புதுசு ஒண்ணு போட்டு மறைச்சேன். நான் இனிமே எதையும் சோதிக்கத் தகுதியில்லாதவன்.”

இந்தத் தடவை யாரும் தோளைத் தட்டவில்லை. செயலாளர் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் போய்க் கயிற்றைத் தூக்கிப் பிடித்தார். “உள்ள வாடா.”

மச்சினன் குனிந்து உள்ளே வந்தான். “முதல்ல அந்த இறக்கையைப் பிடிப்போம் மாமா. பாவம், அவர் கை கடுக்க நிக்கறாரு.”

வீட்டில் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து, ஒன்று விடாமல் சொன்னார்.

“தெரியும்” என்றாள்.

“எப்படி?”

“உடைஞ்ச வாலை முதல்ல பார்த்தவன் அவன்தானே? அன்னைக்கே சொல்லிட்டான். அத்தனை பேர் முன்னாடி நீங்க தலைகுனியக் கூடாதுன்னு பழியைத் தன் மேல போட்டுக்கிட்டானாம்.”

“அப்போ நீ ஏன் என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல?”

“அவன் விடல. ‘மாமாவே சொல்லிடுவாருக்கா, கொஞ்சம் பொறு’ன்னு வாராவாரம் சொல்லிட்டே இருந்தான்.”

சட்டையை மடித்து அடுக்கின் மேல் வைத்தாள். அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை.

“நான்தாங்க நம்பல.”