பொந்தன்புளி மரத்துப் பெட்டி

கப்பல் உடைந்து கரையேறிய ஒருவன் மூன்று மாதம் தனியாக அதன் பருத்த அடிமரப் பொந்துக்குள் ஒளிந்திருந்தான் என்று ஊரார் சொல்லும் பொந்தன்புளி மரம் அது. அதன் வேரிடுக்கில் ஞானதுரை ஒரு தகரப் பெட்டியை ஒளித்து வைத்திருந்தார். உள்ளே ஒரு நோட்டு, ஸ்டாம்ப் பேடு, அந்த மரத்தின் உருவத்தை அவரே ரப்பரில் செதுக்கிய முத்திரை. பெட்டி இருக்கும் இடத்துக்கான துப்புகளை இணையத்தில் போட்டிருந்தார். தேடிக் கண்டுபிடிப்பவர் தன் முத்திரையை அந்த நோட்டில் குத்திவிட்டு, பெட்டியின் முத்திரையைத் தன் நோட்டில் குத்திக்கொண்டு போகலாம். மனைவி இறந்த பிறகு பிடித்துக்கொண்ட விளையாட்டு. பதினான்கு மாதங்களாக ஒருவரும் வரவில்லை.

பெட்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விடலாம் என்றுதான் அன்று காலை பஸ் ஏறி வந்தார். நோட்டைத் திறந்தால், முதல் பக்கத்தில் ஒரு கட்டைவிரல் ரேகை.

“நாந்தான் சார் வச்சேன்,” என்றாள் மரத்தடியைக் கூட்டும் பேச்சித்தாய். “மாசாமாசம் வந்து தொறந்து பாத்துட்டு, மொகம் செத்துப்போயி திரும்புறீக. பாக்க சகிக்கல.”

அவர் பெட்டியிலிருந்து முத்திரையை எடுத்து மையில் ஒற்றினார். பிறகு, “கண்டுபிடிச்சவங்க முத்திரை வாங்கிக்கணும். உங்க நோட்டு எங்க?” என்றார்.

“எனக்கேது நோட்டு?” அவள் உள்ளங்கையைப் புடவையில் துடைத்து நீட்டினாள்.

அவர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு முத்திரையை அழுத்தினார். இன்னொருவர் கையைத் தொட்டு எத்தனை நாளாயிற்று என்று அப்போதுதான் தோன்றியது. சட்டென்று விட முடியவில்லை.

“மை காயட்டும் சார்,” என்றாள் அவள், கையை அவர் பிடியிலேயே விட்டபடி.