எங்கட ஆக்கள்

கோலியர்ஸ் வுட் மருந்துக் கடையில் சிவனேஸ்வரி நிலைகொள்ளாமல் நின்றாள்.

“கோடீன் குளிசை இன்னொரு பெட்டி தாங்கோ தம்பி. இடுப்பு நாரி நோவு தாங்கேலாமல் கிடக்கு.”

“காலமைதானே ஒண்டு வாங்கினீங்கள் அக்கா? ஏலாது,” என்றான் மருந்தாளர் பிரவீணன்.

“எங்கட ஆக்களுக்கு இந்த உதவிகூடச் செய்யமாட்டீங்களோ?”

“ஆராயிருந்தாலும் ஏலாது. பழகினால் விடேலாது. பிறகு கடைதான் பதில் சொல்லவேணும்.”

அவள் பையைக் கவிழ்த்தாள். அவனுடைய கடை ஸ்டிக்கர் ஒட்டிய வெற்றுப் பெட்டிகள் மேசையெங்கும் சிதறின. காலையில் வாங்கியது மட்டும் பிரிக்கப்படாமல் கிடந்தது.

“இதெல்லாம் என்ர மகளின்ர அறைக்குள்ள கிடந்தது. அவள் இப்ப ஆஸ்பத்திரியில. எங்கட பிள்ளை எண்டு கேட்டநேரமெல்லாம் குடுத்தனீங்களே... இனிக் கடை பதில் சொல்லட்டும் தம்பி.”