சட்டியில் வறுபடும் மணல்
சீனாவின் தொங்டிங் ஏரிக்கரையில் வெயில் ஏறுகிறது. பண்ணை ஆமைகளின் முட்டைகளைப் புதைத்துவைக்க, பெரிய இரும்புச் சட்டியில் மணலை வறுக்கிறாள் சுன்யிங். பக்கத்து அடுப்பில் வெந்நீர் கொதிக்கிறது. போன வருடம் பூஞ்சை பிடித்து ஒரு முட்டைகூடப் பொரியவில்லை. ஊர் வாய்க்கு நல்ல தீனி. அதிகம் மென்ற பக்கத்து வீட்டு லாமேய்தான் இப்போது சல்லடையோடு வந்து நிற்கிறாள். "என்னக்கா, கடலை போடாமலே வறுக்கிற?" சுன்யிங் ஆறிய மணலை அள்ளி முகர்கிறாள். சேற்று வாடை இல்லை. லாமேய் சல்லடையை நீட்டுகிறாள். "சலிக்க இது வேணும்ல? போன வருசமும் என்னோடதுலதானே சலிச்ச." சுன்யிங்கின் கை அப்படியே நிற்கிறது. பிறகு சல்லடையை வாங்கி வெந்நீரில் முக்குகிறாள். கறுப்பாக, வழவழவென்று ஏதோ பிரிந்து மேலே மிதக்கிறது. இருவரும் பார்க்கிறார்கள். மறுபடி முக்கி, வெயிலில் உலர்த்தி நீட்டுகிறாள். "இந்தா, இப்ப சலி." லாமேய் குனிந்து சலிக்கிறாள். மணல் விழும் ஓசை மட்டும் கேட்கிறது.