எல்லைக்கு அப்பால் ஓர் ஆஸ்பத்திரி

மீன்பிடிக்கப் போன சூசைக்கு நடுக்கடலில் நெஞ்சுவலி வந்தது. பக்கத்தில் இருந்தது இலங்கையின் மன்னார்தான் என்பதால் கூட வந்தவர்கள் படகை அங்கேயே செலுத்தினார்கள். சிறிது நேரத்தில் பாம்பனில் அவன் மனைவி அமலோற்பவத்தின் போன் அடித்தது.

“அக்கா, நான் டிலானி. இந்தியாவும் இலங்கையும் சேர்ந்திருக்கிற வங்கக்கடல் ஒன்றியத்துக்கு மன்னார் ஆஸ்பத்திரியில அலுவலர். அண்ணனை நெஞ்சுவலியெண்டு இங்க கொண்டு வந்திருக்கினம். அவருக்குப் பென்சிலின் ஒத்துக்கொள்ளாதெண்டு உங்கட ராமநாதபுரம் ஆஸ்பத்திரிப் பதிவில கிடக்கு. சரிதானே?”

“ஆமாம்மா. எல்லை தாண்டுனதுக்கு ஜெயில்ல போட்டுருவாங்களா?”

“ஜெயிலோ? ஒப்பரேஷன் செய்ய உங்கட சம்மதம்தான் வேணும்.”

சம்மதம் சொன்னவள், “எங்கிட்ட பாஸ்போர்ட் இல்லையேம்மா” என்று அழுதாள்.

“பாஸ்போர்ட்டுக்குப் பதிலா அனுமதிச் சீட்டில உங்கட தாசில்தாரும் நானும் கையெழுத்துப் போட்டாச்சு. கப்பல் உங்களுக்காக நிக்குது. வாங்கோ.”

பாம்பன் துறையில் தாசில்தாரே வீட்டுச் செருப்போடு நின்று அனுமதிச் சீட்டை நீட்டினார். விடுமுறை நாள் அது.

மறுநாள் சூசை கண் விழித்தான். டிலானியின் இலங்கைச் சீருடையைக் கண்டதும் மிரண்டான்.

“படகப் புடிச்சிட்டீங்களா?”

“துறையில கட்டியிருக்கு அண்ணன். மீன் பழுதாகுமெண்டு ஐஸும் போட்டு வச்சிருக்கிறம்.”

அவன் மனைவியைப் பார்த்தான். அமலோற்பவம் சிரித்துத் தலையாட்டிய பிறகுதான் நம்பினான்.